ரோலிங் லினக்ஸ் உடையாம ஓட்டணுமா? எதை எடுக்கிறது, எப்படி வெச்சுக்கிறது

ரோலிங் லினக்ஸ் (பெரிய ரிலீஸ்னு தனியா இல்லாம அப்டேட் வந்துக்கிட்டே இருக்கிற வகை) போட்டா மாசம் ஒருக்கா புட்டுக்கும்னு சொல்றவங்களும் இருக்காங்க, அஞ்சு வருஷமா ஒரே இன்ஸ்டால், ஒரு தடவை கூட ஃபார்மட் பண்ணலன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேர் மெஷின்லயும் அப்டேட் ஏதாவது ஒரு நாள் சொதப்பியிருக்கும், ஆனா ரெண்டாவது ஆளுக்கு நேத்து இருந்த நிலைமைக்குத் திரும்பிப் போக ஒரு வழி கையில இருந்துச்சு, முதல் ஆளுக்கு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். எந்த டிஸ்ட்ரோ (டெபியன், ஆர்ச் மாதிரி லினக்ஸ் வகை) சூப்பர், எது மொக்கைன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி இதை மனசுல வெச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

முன்னாடியே சொல்லிடுறேன், கமாண்ட் எல்லாம் வாயால சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிங்க.

ஸ்டேபிள்னா என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணுங்க

இந்த வார்த்தைக்கு லினக்ஸ் உலகத்துல ரெண்டு அர்த்தம் ஓடுது, அதுலதான் பாதி பேர் குழம்பிப் போறாங்க. டெபியன்காரங்க ஸ்டேபிள்னு சொன்னா "மாறாது"ன்னு அர்த்தம். டெபியன் 13 ட்ரிக்ஸி 2025 ஆகஸ்ட்ல வந்துச்சு, அன்னிக்கு அதுல என்ன வெர்ஷன் டெஸ்க்டாப் இருந்துச்சோ அடுத்த டெபியன் வர்ற வரைக்கும், அதாவது சுமார் ரெண்டு வருஷம், அதேதான் இருக்கும், செக்யூரிட்டி ஃபிக்ஸும் பெரிய பக் ஃபிக்ஸும் மட்டும் வரும். நம்ம சாதாரணமா ஸ்டேபிள்னு சொல்றது "க்ராஷ் ஆகாது, காலைல ஆன் பண்ணா ஓடும்"ங்கிறது. முதல் அர்த்தத்துல ரோலிங் ஒருநாளும் ஸ்டேபிள் ஆகாது, மாறிக்கிட்டே இருக்கிறதுதான் அதோட வேலையே. ரெண்டாவது அர்த்தத்துல தாராளமா ஆகும், ஆனா தானா ஆகாது, நீங்க கொஞ்சம் மெனக்கெடணும்.

அந்த மெனக்கெடல் முடியாதுன்னா இங்கயே நிறுத்திக்கலாம், தப்பே இல்ல. வீட்ல இருக்கிறது ஒரே லேப்டாப், அதுலதான் ஆன்லைன் எக்ஸாம் எழுதணும்னா ரோலிங் வேணாம். ஆறு மாசம் மெஷினைத் தொடாம வெச்சிருந்துட்டு திடீர்னு எடுக்குற ஆளுக்கு வேணாம். அப்பா அம்மாவுக்குக் கொடுக்கிற கம்ப்யூட்டருக்குக் கண்டிப்பா வேணாம், மின்ட் போட்டுக் கொடுங்க, போன் வராது. பழைய என்விடியா கார்டு வெச்சிருக்கவங்க ரெண்டு தடவை யோசிங்க. 2025 டிசம்பர்ல ஆர்ச் லினக்ஸ் 590 வரிசை என்விடியா ட்ரைவருக்குப் போனப்ப பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்கு, அதாவது ஜிடிஎக்ஸ் 1060 மாதிரி கார்டுகளுக்கு, அதுல சப்போர்ட் போயிடுச்சு. அறிவிப்பைப் படிக்காம அப்டேட் அடிச்சவங்களுக்கு க்ராஃபிக்ஸ் வராத நிலைமை, பழைய ட்ரைவரை ஏயூஆர்ல (ஆர்ச் யூசர்களே பேக்கேஜ் ஏத்துற இடம்) இருந்து எடுத்துப் போட வேண்டியிருந்துச்சு. இன்டெல் இல்லாட்டி ஏஎம்டி க்ராஃபிக்ஸ்னா ட்ரைவர் கெர்னலோடயும் (லினக்ஸோட மையப் பகுதி) மெஸாவோடயும் (க்ராஃபிக்ஸ் லைப்ரரி) கூடவே வந்துடும், இந்தத் தலைவலி இல்ல. புதுசா மெஷின் வாங்கப்போறீங்க, ரோலிங்தான் போடப்போறேன்னு தெரியும்னா இந்த ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்குனாலே போதும்.

எதை எடுக்கிறது

என் ஓட்டு ஓப்பன்சூசே டம்பிள்வீடுக்கு. காரணத்தை விளக்கமா சொல்றேன், ஏன்னா காரணம் தெரிஞ்சா வேற எதை எடுத்தாலும் அதுல இல்லாததை நீங்களே சேர்த்துக்கலாம்.

முதல் காரணம், டம்பிள்வீட்ல பேக்கேஜ் ஒண்ணொண்ணா சொட்டு சொட்டா வராது, மொத்தமா ஒரு ஸ்னாப்ஷாட்டா வரும், அதுக்கு தேதியே பேரு, 20250915ங்கிற மாதிரி. அந்த மொத்தக் கட்டும் வெளிய வர்றதுக்கு முன்னாடி ஓப்பன்க்யூஏன்னு ஒரு சிஸ்டம் அதை விர்ச்சுவல் மெஷின்ல இன்ஸ்டால் பண்ணிப் பார்க்கும், டெஸ்க்டாப் லாகின் ஆகுதா, ஃபயர்ஃபாக்ஸ் தொறக்குதான்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எதிர்பார்த்த படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கும், பெருசா ஏதாவது உடைஞ்சிருந்தா அன்னிக்கு ஸ்னாப்ஷாட் வராது. இதுல ஒரு ஓட்டை இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க: ஓப்பன்க்யூஏ டெஸ்ட் பண்றது பெரும்பாலும் விர்ச்சுவல் மெஷின்ல. உங்க லேப்டாப்போட வைஃபை சிப், மூடியை மூடுனா தூங்கி எந்திரிக்கிறது, அந்த என்விடியா கார்டு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதனால மிச்சமிருக்கிற சொதப்பல் எல்லாம் ஹார்டுவேர் பக்கம்தான் வரும்னு எதிர்பாருங்க.

ரெண்டாவது காரணம்தான் பெரிசு. இன்ஸ்டால் பண்றப்பவே ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கிற இடம்) பிடிஆர்எஃப்எஸ்ங்கிற ஃபைல்சிஸ்டம், கூடவே அதோட அப்போதைய நிலைமையைப் பதிஞ்சு வைக்கிற ஸ்னாப்பர்ங்கிற டூலும் செட் ஆகி வருது. ஒவ்வொரு தடவை பேக்கேஜ் போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதுவா ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வெச்சுக்கும், பூட் மெனுல இருந்தே பழைய ஸ்னாப்ஷாட்டுக்குள்ள போகலாம். (அப்டேட்டையும் ஸ்னாப்ஷாட்னு சொல்றாங்க, இதையும் ஸ்னாப்ஷாட்னு சொல்றாங்க, பேர் வெச்சவன் கையில கிடைச்சா கேக்கணும்.)

டம்பிள்வீட் வேகம் ஜாஸ்தியா இருக்குன்னு நினைக்கிறவங்களுக்கு அதே வீட்ல ஸ்லோரோல்னு ஒண்ணு 2023ல ஆரம்பிச்சாங்க. பெரிய வெர்ஷன் மாற்றம் எல்லாம் மாசத்துக்கு ஒருக்கா மொத்தமா, செக்யூரிட்டி ஃபிக்ஸ் மட்டும் அப்பப்ப. மொபைல் ஹாட்ஸ்பாட்ல ஒரு நாளைக்கு ரெண்டு ஜிபி வெச்சு ஓட்டுறவங்களுக்கு இதுதான் சரிப்படும்னு தோணுது. என் மெஷின்ல டம்பிள்வீட் சில வாரம் 600 எம்பி கேக்கும், சில வாரம் அடிப்படை லைப்ரரி ஏதாவது மாறி எல்லாத்தையும் மறுபடி பில்டு பண்ணியிருப்பாங்க, ஆயிரம் பேக்கேஜைத் தாண்டிப் போயிடும், ஹாட்ஸ்பாட் டேட்டா மதியத்துக்குள்ள காலி.

ஆர்ச் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன், 2002ல இருந்து வர்ற டிஸ்ட்ரோ, டாக்குமென்டேஷன் அருமை, டம்பிள்வீட் ஆளுங்களே சந்தேகம் வந்தா ஆர்ச் விக்கியைத்தான் தொறக்கிறாங்க. ஆனா ஸ்னாப்ஷாட், ரோல்பேக் (பழைய நிலைமைக்குத் திரும்புறது) எல்லாம் நீங்களே கட்டிக்கணும். ஸ்னாப்பரோட ஸ்னாப்-பேக், க்ரப்-பிடிஆர்எஃப்எஸ்னு ரெண்டு பேக்கேஜ் சேர்த்தா கிட்டத்தட்ட அதே வசதி வந்துடும். எண்டெவர்ஓஎஸ் போட்டா ஆர்ச்சை இன்ஸ்டால் பண்ற சிரமம் மட்டும் குறையும், உள்ள இருக்கிறது ஆர்ச்தான், பராமரிப்பு அதேதான். மஞ்சாரோ ஆர்ச் பேக்கேஜைக் கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சு விடும், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏயூஆர்ல இருக்கிறது எல்லாம் அன்னிக்கு இருக்கிற ஆர்ச்சை நம்பி எழுதுனது, அதனால ஏயூஆர் நிறைய யூஸ் பண்றவங்களுக்கு வெர்ஷன் ஒத்துப் போகாம இடிக்கும். டெபியன் டெஸ்டிங்கை ரோலிங் மாதிரி ஓட்டுறவங்க இருக்காங்க, எனக்கு உடன்பாடு இல்ல, அடுத்த ரிலீஸ் வர்றதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ஃப்ரீஸ் ஆகி நிக்கும், செக்யூரிட்டி ஃபிக்ஸும் லேட்டா வரலாம். ஃபெடோரா ரோலிங் இல்ல, ஆனா கெர்னல் எல்லாம் புதுசாவே கொடுப்பாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு ரிலீஸ், ரோலிங் வேணுமா வேணாமான்னு தடுமாறுறவங்க அதைப் போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

போடும்போதே செய்ய வேண்டியது

ரூட்டுக்கு இடம் தாராளமா விடுங்க. 20 ஜிபில ரூட் வெச்சுட்டு ஸ்னாப்ஷாட்டும் வேணும்னா மூணே மாசத்துல டிஸ்க் ஃபுல்னு நிக்கும். 60 இல்ல 80 ஜிபி விடுங்க, இல்லாட்டி ஹோமையும் (உங்க ஃபைல் இருக்கிற இடம்) ரூட்டையும் ஒரே பார்ட்டிஷன்லயே சப்வால்யூமா (உள்ளயே தனித்தனிப் பிரிவா) விட்டுடுங்க, அதுவா பகிர்ந்துக்கும். பயப்பட வேணாம், ஒரே பார்ட்டிஷன்ல இருந்தாலும் ஹோம் தனி சப்வால்யூம், சிஸ்டத்தை ரோல்பேக் பண்ணா உங்க போட்டோ, டாக்குமென்ட் எதுவும் பின்னாடி போகாது. அதே மாதிரி டம்பிள்வீட்ல /வார் தனியா இருக்கும், டேட்டாபேஸ் எல்லாம் அங்கதான் உக்காந்திருக்கும், அதுவும் ரோல்பேக்ல மாறாது. பூட்டுக்கான ஈஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு 1 ஜிபி கொடுங்க, பின்னாடி அதைப் பெருசாக்குறது பெரிய ரோதனை.

ஆர்ச்ல பிடிஆர்எஃப்எஸ் போடுறவங்களுக்கு ஒரு இடத்துல கண்ணி இருக்கு, நல்லா கவனிங்க. நிறைய பேர் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையே /பூட்ல மவுன்ட் பண்ணிடுவாங்க, அது ஃபேட்32, ஸ்னாப்ஷாட்ல வராது. கெர்னல் ஃபைல் அங்க இருக்கும், கெர்னல் மாட்யூல் (ட்ரைவர் மாதிரி துண்டுகள்) எல்லாம் ரூட்ல இருக்கும். ரூட்டை மட்டும் போன வாரத்துக்குக் கொண்டுபோனா கெர்னல் புதுசு, மாட்யூல் பழசு, ரெண்டும் ஒட்டாது, பூட் ஆனாலும் வைஃபை வராது, யூஎஸ்பி வேலை செய்யாது. ரோல்பேக் பண்ணதாலதான் உடைஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. ஈஎஃப்ஐயை /ஈஎஃப்ஐல மவுன்ட் பண்ணிட்டு க்ரப் (பூட் மெனு காட்டுற புரோக்ராம்) வெச்சு /பூட்டை ரூட்டுக்குள்ளயே விட்டீங்கன்னா கெர்னலும் மாட்யூலும் ஜோடியாவே முன்னாடி பின்னாடி போகும்.

கெர்னல் எப்பவும் ரெண்டு இருக்கட்டும். டம்பிள்வீட் புது கெர்னல் வந்தாலும் முன்னாடி இருந்ததையும் இப்ப ஓடுறதையும் அழிக்காம வெச்சிருக்கும், ஆர்ச் அப்படி இல்ல, பழசு மேலயே புதுசைப் போட்டுடும், அதனால லினக்ஸ்-எல்டிஎஸ்ங்கிற நீண்ட கால சப்போர்ட் கெர்னலையும் கூடப் போட்டு வெச்சுக்கோங்க.

அப்டேட் நாள்

தினமும் அப்டேட் அடிக்கிறது ஒரு போதை. காலைல காபி குடிக்கிறதுக்கு முன்னாடி அதைத்தான் அடிப்பாங்க சில பேர். வாரத்துக்கு ஒருக்கா போதும், அதிகபட்சம் ரெண்டு வாரம். நான் சனிக்கிழமை காலைல வெச்சிருக்கேன், ஏன்னா புட்டுக்கிச்சுன்னா சரி பண்ண ஒன்றரை நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, மறுநாள் காலைல டெமோ இருக்கிறப்ப அப்டேட் அடிக்கிறவங்களுக்கு என்னால உதவி பண்ண முடியாது. ரொம்ப நாள் விட்டாலும் ஆபத்து, மூணு மாசம் சேர்ந்ததை ஒரே தடவைல போட்டா எது உடைச்சுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் செலவு பண்ணுங்க. ஆர்ச்னா அவங்க முதல் பக்கத்துல இருக்கிற நியூஸைப் பாருங்க, "மேனுவல் இன்டர்வென்ஷன்"னு தலைப்புல இருந்தா முழுசா படிச்சுட்டுத்தான் கை வைக்கணும். 2025 ஜூன்ல லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜைப் பல துண்டாப் பிரிச்சப்ப இப்படித்தான் ஒரு நியூஸ் போட்டாங்க, படிச்சவங்க பழசைத் தூக்கிட்டுப் புதுசைப் போட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சாங்க, படிக்காதவங்க ஃபைல் ஏற்கெனவே இருக்குன்னு எரர் வந்து முழிச்சாங்க. லேப்டாப்னா சார்ஜர் சொருகிக்கோங்க, டெஸ்க்டாப்னா யூபிஎஸ் இருக்கான்னு பாருங்க. இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆரம்பிக்கத் தேவையான ஃபைல்) எழுதிக்கிட்டிருக்கிறப்ப கரன்ட் போச்சுன்னா பாதி ஃபைலோட நிக்கும், அடுத்த பூட்ல கறுப்பு ஸ்க்ரீன்தான்.

டம்பிள்வீட்ல கமாண்ட் ஒண்ணே ஒண்ணு: சுடோ ஸிப்பர் டப். ஸிப்பர் அப் இல்ல, டப். இந்த ஒரு எழுத்துல எத்தனை பேர் மாட்டிக்கிட்டாங்கன்னு கணக்கே இல்ல. அப் பண்ணா பேக்கேஜை மட்டும் மேல ஏத்தும், பேர் மாறுனது, கழட்டி விட்டது, வெர்ஷன் கீழ இறங்குனது எல்லாத்தையும் சரியா கவனிக்காது. டப் பண்ணாத்தான் ரிப்பாசிட்டரில (பேக்கேஜ் எல்லாம் வர்ற களஞ்சியம்) என்ன இருக்கோ அதே நிலைமைக்கு மெஷின் வரும்.

அடிச்சதும் நீளமா லிஸ்ட் வரும். யாரும் முழுசா படிக்க மாட்டாங்க, நானும் படிக்க மாட்டேன். ஆனா கடைசி பத்து வரியையும், "கோயிங் டு பி ரிமூவ்டு"ன்னு இருக்கிற பகுதியையும் பார்க்காம ஒய் அடிக்காதீங்க. நாலு பழைய லைப்ரரி போகுதுன்னா ஒண்ணுமில்ல. ப்ளாஸ்மா-வொர்க்ஸ்பேஸ் போகுது, நெட்வொர்க்மேனேஜர் போகுதுன்னு இருந்தா இங்கிலீஷ் எழுத்து என் (நோ) அடிச்சு வெளிய வந்துடுங்க. சில நாள் லிஸ்ட்டுக்கு முன்னாடியே நிறுத்திட்டு "ப்ராப்ளம் 1"னு கேள்வி கேக்கும், கீழ சொல்யூஷன் 1, 2, 3னு போட்டிருக்கும், ஒண்ணுல இதைக் கழட்டு, இன்னொண்ணுல பழசையே வெச்சுக்கோ, மூணாவதுல டிபெண்டென்சியைக் கண்டுக்காம உடை. இதுல பார்த்தீங்கன்னா கடைசில ப்ராக்கெட்ல டீஃபால்ட்டா சி-ன்னு இருக்கும், சி-ன்னா கேன்சல். செஞ்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சி அடிச்சுட்டு வேற வேலை பாருங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும், ஏன்னா வெளி ரிப்பாசிட்டரி ஒண்ணு இன்னும் புது வெர்ஷனுக்கு பில்டு பண்ணி முடிச்சிருக்காது. அந்த டிபெண்டென்சியை உடைக்கிற ஆப்ஷனை மட்டும், எந்த நம்பர்ல இருந்தாலும், தொடவே தொடாதீங்க.

முடிஞ்சதும் ஸிப்பர் பிஎஸ் மைனஸ் எஸ் அடிச்சா எந்தெந்த புரோக்ராம் இன்னும் பழைய ஃபைலைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதுன்னு சொல்லும். கெர்னல், சிஸ்டம்டி, ஜிலிப்சி, மெஸா இதுல ஏதாவது மாறியிருந்தா அதெல்லாம் பார்க்காம ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.

ஆர்ச்ல சுடோ பேக்மேன் மைனஸ் எஸ் ஒய் யூ. மூணு எழுத்தும் சேர்ந்துதான் வரணும். எஸ் ஒய்-யோட நிறுத்திட்டு ஒரே ஒரு பேக்கேஜ் பேரைப் போட்டு இன்ஸ்டால் பண்றது பெரிய பாவம், அந்தப் பாவத்தை நானே பண்ணியிருக்கேன், 2022 நவம்பர்ல. ஆர்ச் ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரியோட வெர்ஷன் 3க்கு மாறுன சமயம். அவசரமா ஒரு சின்ன டூல் வேணும், முழு அப்டேட்டுக்கு டேட்டா இல்ல, சரி இதை மட்டும் போடுவோம்னு எஸ் ஒய் அடிச்சேன். அது புது ஓப்பன்எஸ்எஸ்எல்லை இழுத்துட்டு வந்துச்சு, மத்ததெல்லாம் பழசுலயே நின்னுச்சு. அடுத்து பேக்மேன்னு அடிச்சா "லிப்க்ரிப்டோ டாட் எஸ்ஓ 1.1 காணோம்"னு ஒரே வரி. சரி பண்றதுக்கு பேக்மேன் வேணும், பேக்மேனே ஓடல. சுடோவும் வரல. கடைசில ஒரு பென்ட்ரைவ்ல ஆர்ச் ஐஎஸ்ஓ போட்டு அதுல பூட் பண்ணி, ரூட்டை /எம்என்டில மவுன்ட் பண்ணி, ஐஎஸ்ஓல இருக்கிற பேக்மேனை வெச்சே மைனஸ் மைனஸ் சிஸ்ரூட் /எம்என்டி-ன்னு கொடுத்து முழு அப்டேட் அடிச்சதும் எந்திரிச்சு உக்காந்துச்சு. டேட்டா மிச்சம் பிடிக்கப் போய் பக்கத்து வீட்டு வைஃபைல மூணு ஜிபி இழுத்ததுதான் மிச்சம்.

ரொம்ப நாள் விட்ட ஆர்ச் மெஷின்ல சிக்னேச்சர் எரரா வரும், அப்ப மட்டும் ஆர்ச்லினக்ஸ்-கீரிங்கை முதல்ல எஸ் ஒய் வெச்சுப் போட்டுட்டு அந்தக் கையோடயே முழு அப்டேட்டும் அடிச்சுடணும். விதிவிலக்குன்னா அது ஒண்ணுதான்.

புட்டுக்கிச்சுன்னா

சனிக்கிழமை அப்டேட் அடிச்சு ரீஸ்டார்ட் பண்றீங்க, லோகோ வருது, அப்புறம் கறுப்பு ஸ்க்ரீன், கர்சர் மட்டும் மேல மூலைல மினுக்குது. வயித்துல ஒரு கலக்கம் வரும், வரத்தான் செய்யும். பவர் பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணுங்க, க்ரப் மெனு வந்ததும் கீழ அம்புக்குறி அழுத்துங்க (அழுத்தலன்னா சில செகண்ட்ல அதுவா பூட் ஆயிடும்). முதல்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல பழைய கெர்னலை எடுத்துப் பாருங்க, அதுல டெஸ்க்டாப் வந்துச்சுன்னா பிரச்சினை கெர்னல் மட்டும்தான், மொத்தத்தையும் பின்னாடி கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்ல, அடுத்த கெர்னல் வர்ற வரைக்கும் அதுலயே ஓட்டலாம்.

வரலயா, டம்பிள்வீட்ல "ஸ்டார்ட் பூட்லோடர் ஃப்ரம் எ ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட்"னு ஒரு வரி இருக்கும் (புது இன்ஸ்டால்ல மெனு கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம்), அதுக்குள்ள போனா தேதி, நேரத்தோட லிஸ்ட் நிக்கும், இன்னிக்கு அப்டேட்டுக்கு முன்னாடி எடுத்ததைத் தேர்ந்தெடுங்க. டெஸ்க்டாப் வந்துடும், நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியே. ஆனா இங்க ஒரு தப்பு எல்லாரும் பண்ணுவாங்க: சரியாயிடுச்சுன்னு நினைச்சு வேலையை ஆரம்பிச்சுடுவாங்க. இது படிக்க மட்டும் தொறந்திருக்கிற ஸ்னாப்ஷாட், அடுத்த ரீஸ்டார்ட்ல மறுபடி அந்த உடைஞ்ச சிஸ்டத்துக்கே போகும். எல்லாம் ஓடுதான்னு ஒரு நிமிஷம் பார்த்துட்டு சுடோ ஸ்னாப்பர் ரோல்பேக் அடிங்க, நம்பர் கூடத் தேவையில்ல, இப்ப எதுல நிக்கிறீங்களோ அதை வெச்சு எழுதக்கூடிய புது காப்பி ஒண்ணு எடுத்து அதையே இனிமே டீஃபால்ட் ஆக்கிக்கும். ரீஸ்டார்ட். மொத்தம் அஞ்சு நிமிஷம் ஆகும்.

ரோல்பேக் பண்ண கையோட மறுபடி டப் அடிச்சு அதே குழிக்குள்ள விழுந்தவங்களையும் பார்த்திருக்கேன். ஒரு வாரம் பொறுங்க. எந்தப் பேக்கேஜ்னு உறுதியா தெரிஞ்சா ஸிப்பர் ஏஎல்-னு லாக் போட்டு வெச்சுட்டு மத்ததை அப்டேட் பண்ணலாம், ஆனா லாக் போட்டதை எங்கயாவது எழுதி வெச்சுக்கோங்க, ஆறு மாசம் கழிச்சு ஏன் இது மட்டும் பழசுலயே நிக்குதுன்னு மண்டையைப் பிச்சுக்காம இருக்கலாம்.

ஆர்ச்ல ஸ்னாப்ஷாட் இல்லன்னாலும் /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி-ல பழைய பேக்கேஜ் எல்லாம் கிடக்கும், பேக்மேன் மைனஸ் யூ வெச்சு பழைய வெர்ஷனையே போடலாம். அதனாலதான் இடம் பத்தலன்னு எஸ் சி சி அடிச்சு அந்த ஃபோல்டரை மொத்தமா துடைக்காதீங்கன்னு சொல்றது. பேக்கேஷ் மைனஸ் ஆர் அடிச்சா கடைசி மூணு வெர்ஷனை வெச்சுட்டு மிச்சத்தை மட்டும் எடுக்கும். 2022 ஆகஸ்ட்ல ஆர்ச்ல க்ரப் அப்டேட்டே நிறைய பேருக்கு பூட்டை உடைச்சுது, அந்த மாதிரி சமயத்துல பூட் மெனுவே வராது, ஸ்னாப்ஷாட் இருந்தும் போய்ச் சேர வழி இருக்காது, லைவ் யூஎஸ்பிதான் கதி. அதனால எந்த டிஸ்ட்ரோவா இருந்தாலும் பூட் ஆகுற பென்ட்ரைவ் ஒண்ணு ட்ராயர்ல கிடக்கட்டும்.

இன்னொண்ணு, ஸ்னாப்ஷாட் பேக்கப் இல்ல. அதே டிஸ்க்ல இருக்கிற பழைய நிலைமை அவ்வளவுதான், எஸ்எஸ்டி செத்தா ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து சாகும். ஹோமை வெளி டிஸ்க்ல தனியா காப்பி எடுங்க.

வெளி ரிப்பாசிட்டரி, ஏயூஆர்

உடையுற ரோலிங் மெஷினை எடுத்துப் பார்த்தா அதுல பெரும்பாலும் பத்து வெளி ரிப்பாசிட்டரி இருக்கும். டம்பிள்வீட்ல வீடியோ கோடெக்குக்காக எல்லாரும் பேக்மேனைச் சேர்ப்பாங்க (ஆர்ச்சோட பேக்மேன் வேற, இது ரிப்பாசிட்டரி பேரு, எழுத்து கொஞ்சம் வேற), மேல சொன்ன "ப்ராப்ளம் 1" பாதி நாள் அதால வர்றதுதான். என் வழி, விஎல்சி, ஓபிஎஸ், ப்ரவுசர் இதெல்லாம் ஃப்ளாட்பேக்ல (சிஸ்டத்தோட ஒட்டாம தனியா வர்ற ஆப் கட்டு), ஃப்ளாட்ஹப்ங்கிற அதோட ஸ்டோர்ல இருந்து. கோடெக் அதுக்குள்ளயே வந்துடும், அடி சிஸ்டம் சுத்தமா இருக்கும். டிஸ்க் இடம் கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும்.

ஏயூஆர் விஷயத்துல இன்னும் கறாரா இருங்க. யார் வேணா ஏத்தலாம். 2025 ஜூலைல ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஸென் ப்ரவுசர் பேர்ல "பேட்ச் பண்ணது"ன்னு மூணு பேக்கேஜை யாரோ ஏத்தி, அதுக்குள்ள மெஷினைத் தூரத்துல இருந்து ஆட்டி வைக்கிற மால்வேரை வெச்சிருந்தாங்க, ரெண்டு நாள்ல தூக்கிட்டாங்க. பேக்கேஜை எப்படி பில்டு பண்றதுன்னு எழுதியிருக்கிற பிகேஜிபில்டு ஃபைலைத் தொறந்து சோர்ஸ் எங்க இருந்து வருதுன்னாவது பார்க்காம எண்டர் தட்டாதீங்க.

ரோலிங்ல ஆபத்தும் முதல்ல வரும், மருந்தும் முதல்ல வரும். 2024 மார்ச் 29ஆம் தேதி ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டுங்கிற டெவலப்பர், எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து மெஷினுக்குள்ள வர்ற வழி) லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டப் போய் எக்ஸ்ஸெட்ங்கிற கம்ப்ரஷன் டூலோட 5.6.0, 5.6.1ல பின்கதவு இருக்கிறதை வெளிய சொன்னாரு. டம்பிள்வீட்ல அது மார்ச் 7ல இருந்து 28 வரைக்கும் இருந்துச்சு, டெபியன் ஸ்டேபிளுக்கு வரவே இல்ல. எஸ்எஸ்ஹெச்சை இன்டர்நெட்டுக்குத் தொறந்து வெச்சிருந்தவங்க புதுசா இன்ஸ்டால் பண்ணிடுங்கன்னு ஓப்பன்சூசே தரப்புலயே சொன்னாங்க. டெஸ்க்டாப்ல எஸ்எஸ்ஹெச் சர்வர் உங்களுக்குத் தேவையே இல்லன்னா நிறுத்திடுங்க, ஃபயர்வாலை ஆஃப் பண்ணாதீங்க.

மாசத்துக்கு ஒருக்கா

டீ குடிக்கிற நேரம் போதும். கான்ஃபிக் ஃபைல் புதுசா வந்து உங்க பழசோட மோதுனா ஆர்ச்ல டாட் பேக்நியூ, டம்பிள்வீட்ல டாட் ஆர்பிஎம்நியூன்னு பக்கத்துல போட்டு வெச்சுட்டுப் போயிடும், சத்தமே இருக்காது. பேக்டிஃப், ஆர்பிஎம்கான்ஃபிக்செக் இதை ஓட்டிப் பார்த்து சேர்க்க வேண்டியதைச் சேருங்க. ரெண்டு வருஷம் கவனிக்காம விட்டுட்டு ஒரு நாள் லாகினே ஆகலன்னு வர்றது எல்லாம் பெரும்பாலும் இதுலதான். சிஸ்டம்சிடிஎல் மைனஸ் மைனஸ் ஃபெயில்டு அடிச்சு ஏதாவது சிவப்பா நிக்குதான்னு பாருங்க. டிஸ்க் இடத்தை டிஎஃப் வெச்சுப் பார்க்காதீங்க, ஸ்னாப்ஷாட் பிடிச்சு வெச்சிருக்கிற இடம் அதுல புரியாது, பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்னு அடிங்க. பெரிய ஃபைலை அழிச்சும் இடம் கூடலயேன்னு குழம்புனா பழைய ஸ்னாப்ஷாட் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும், ஸ்னாப்பர் லிஸ்ட் பார்த்துப் பழசை அழிங்க. ஸ்க்ரப், பேலன்ஸ் எல்லாம் டம்பிள்வீட்ல டைமர் வெச்சு அதுவா பார்த்துக்கும், ஆர்ச்ல ஸ்க்ரப் டைமரை நீங்கதான் ஆன் பண்ணணும்.

தமிழ் டைப்பிங்

இதை யாரும் எழுதுறதில்ல, ஆனா எனக்குப் பெரிய அப்டேட்ல முதல்ல போறது இதுதான். 2024 மார்ச்ல என் மெஷினுக்கு ப்ளாஸ்மா 6 டெஸ்க்டாப் வந்தப்ப டீஃபால்ட் எக்ஸ்11ல இருந்து வேலண்டுக்கு (ரெண்டும் ஸ்க்ரீன்ல விண்டோ காட்டுற அடிப்படை சிஸ்டம்) மாறுச்சு, லாகின் பண்ணா எல்லாம் அழகா இருக்கு, தமிழ் மட்டும் வரல. எக்ஸ்11 காலத்துல ஏதோ ஒரு ஃபைல்ல எழுதி வெச்ச ஜிடிகே ஐஎம் மாட்யூல், க்யூடி ஐஎம் மாட்யூல் வரி எல்லாம் இப்ப குறுக்க நிக்குது. அதைத் தூக்கிட்டு, எஃப்சிடிஎக்ஸ்5, எஃப்சிடிஎக்ஸ்5-எம்17என்ங்கிற ரெண்டு டைப்பிங் பேக்கேஜையும் போட்டு, சிஸ்டம் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுங்கிற இடத்துல (பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, அங்கதான் இருக்கு) எஃப்சிடிஎக்ஸ் 5ஐத் தேர்ந்தெடுத்ததும் தமிழ்99 வந்துடுச்சு. கீபோர்டு லேஅவுட் லிஸ்ட்லயே தமிழ்நெட் 99னு ஒண்ணு இருக்கேன்னு அதைப் போடாதீங்க, அது ஒரு கீக்கு ஒரு எழுத்துன்னு மட்டும்தான் பார்க்கும், க ரெண்டு தடவை அடிச்சா தானா புள்ளி விழுந்து "க்க" ஆகாது, "கக"ன்னே நிக்கும். அம்மாவுக்கு மெசேஜ் அடிக்கிறப்பதான் தெரிஞ்சுது, "பககதது வீடடுல"ன்னு போயிருக்கு, போன் பண்ணி உடம்பு சரியில்லயான்னு கேட்டாங்க.